யோசித்துச் சாப்பிட்ட இரண்டரை பராத்தா

டெல்லி ஆஸ்பத்திரிகளில் தென்னாட்டு நர்ஸ்கள் பேசும் இந்தியில் மரியாதை என்ற சரக்கு அறவே கிடையாது. ஆனால் அந்த இந்திக்கு அடங்காத டெல்லிக்காரரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

காரணம் எளிது. நாங்கள் இந்தியைப் புத்தகத்தில் படிக்கவில்லை, வார்டில் பொறுக்கினோம். நாசரேத்துப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்து இறங்கிய எனக்கு முதலில் வாய்த்த இந்தி எல்லாமே கட்டளைதான். லேட்டோ, அதாவது படு. உட்டோ, எழு. முட்டி பந்த் கரோ. (நம்மூர் முட்டி இல்லை, கைவிரலை மடக்கச் சொல்வது.) கானா நஹீ, சாப்பாடு கிடையாது. பானி நஹீ, தண்ணீர் கிடையாது. 'தயவுசெய்து', 'முடிந்தால்', 'கொஞ்சம்' இதற்கெல்லாம் இந்தியில் என்ன என்று விசாரிக்க எனக்கு நேரமும் இல்லை, அவசியமும் வரவில்லை. முறுக்கு மீசையோடு வெளியே நாலு பேரை மிரட்டிப் பிழைக்கிற ஆசாமிகூட, நான் ஊசியோடு போய் "முட்டி பந்த்" என்றால் கையோடு சேர்த்துக் கண்ணையும் மூடிக்கொள்வார்.

இப்படி ராஜாங்கம் நடத்திக்கொண்டிருந்த என்னை இங்கிலீஷ் வந்து கெடுத்தது.

எங்கள் வார்டில் அப்போது எல்லோருக்கும் வெளிநாட்டுக் காய்ச்சல். என் அறைத்தோழி அமலிக்கு அயர்லாந்து, எனக்கு இங்கிலாந்து. போவதற்கு இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று, நர்ஸ்களுக்கென்று நடத்தும் இங்கிலீஷ் பரீட்சையில் தேற வேண்டும். அதில் ஒருவர் நோயாளியாக நடிப்பார், நாம் அவரிடம் பக்குவமாகப் பேசி ஒரு விஷயத்துக்குச் சம்மதிக்க வைக்க வேண்டும். இன்னொன்று, ஆஸ்பத்திரியில் கொடுக்கும் அனுபவச் சான்றிதழ். அதற்கு எங்கள் வார்டு இன்சார்ஜ் தங்கம்மா சிஸ்டர் நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். கோட்டயத்துக்காரரான தங்கம்மா சிஸ்டர் நல்ல வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆகவே இரண்டாவதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன்.

புசா ரோடுக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் ஒரு கோச்சிங் சென்டர். எங்களுக்கு டீச்சர் ரித்திகா மேடம், என்னைவிட இளைய பஞ்சாபிப் பெண். முதல் வகுப்பில் என்னை எழுப்பி, "நோயாளி உப்பைக் குறைக்க வேண்டும். சொல்லுங்கள்" என்றார்.

நான் கம்பீரமாக, "யூ மஸ்ட் நாட் ஈட் சால்ட்" என்றேன்.

மேடம் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "சிஸ்டர், நீங்கள் நர்ஸா, ஜெயிலரா?"

பிறகு வெள்ளைப் பலகையில் ஒரு மாடிப்படி வரைந்தார். உச்சிப் படியில் சிவப்பு மையில் 'மஸ்ட்'. அடுத்த படியில் 'ஹேவ் டு'. அதற்குக் கீழே 'நீட் டு', 'ஷுட்' என்று ஒவ்வொன்றாக இறங்கி, கடைசியில், தரையைத் தொடும் இடத்தில், பச்சை மையில் 'யூ மைட் லைக் டு கன்சிடர்'. அதாவது, 'நீங்கள் விரும்பினால் யோசித்துப் பார்க்கலாம்.' மேலே இருப்பவர் முரடர், கீழே இறங்க இறங்க நாகரிகம், நாகரிகத்துக்குத்தான் மார்க் என்றார் மேடம்.

எனக்கு மலைப்பாக இருந்தது. எங்கள் வீட்டில் தேவையைச் சொல்ல ஒரே ஒரு 'ணும்' தான். மாத்திரை போடணும், ஜெபம் பண்ணணும், கல்யாணம் கட்டணும், எல்லாவற்றுக்கும் அதே 'ணும்'. எது நிஜ 'ணும்', எது சும்மா 'ணும்' என்பதை அம்மாவின் குரலை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியதுதான். இங்கே என்னடா என்றால் ஒரு 'ணும்'முக்கு இத்தனை படி! இந்த வெள்ளைக்காரர்கள் எப்படித்தான் நேரத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்களோ என்று வியந்தேன்.

ஆனால் நான் ஒன்றைப் பிடித்தால் லேசில் விடமாட்டேன். (என் வீட்டுக்காரர் இந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு, "'லேசில்' என்பதை எடுத்துவிடு" என்கிறார்.) நேராகக் கடைசிப் படிக்கே போய்க் குடியேறினேன். பார்த்தவர்களிடமெல்லாம் பயிற்சி. ஆட்டோக்காரரிடம் அண்ணன் முறை வைத்து, "பையா, மீட்டர் போட்டு வருவதைப் பற்றி நீங்கள் யோசித்துப் பார்க்கலாம்" என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஐ.என்.ஏ. மார்க்கெட் மீன்காரரிடம், செதிலை எடுப்பதைப் பற்றி அவர் யோசிக்கலாம் என்றேன். "அச்சா மேடம்" என்று சிரித்தபடி செதிலோடு பொட்டலம் கட்டிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சங்கரா மீனோடு நான் பட்ட பாட்டைப் பார்த்தும் அமலி எழுந்து வரவில்லை.

"அமலி, யூ மைட் லைக் டு கன்சிடர் வாஷிங் தி குக்கர்" என்றேன்.

"நீ கன்சிடர் பண்ணிட்டே கெட. நான் தூங்கப் போறேன்" என்றாள். "ஏட்டி, ஒழுங்கா 'கழுவுட்டி'ன்னு சொல்லியிருந்தா இந்நேரம் கழுவியிருப்பேம்லா."

கடவுள் ஆட்டோக்காரர் வழியாகவும் மீன்காரர் வழியாகவும் அமலி வழியாகவும் எச்சரித்தார். எனக்குத்தான் உறைக்கவில்லை.

இந்தச் சமயத்தில்தான் மாத்தூர் அங்கிள் எங்கள் வார்டுக்கு வந்து சேர்ந்தார். பித்தப்பையில் கல். அன்று மதியம் ஆபரேஷன். வெறும் வயிற்றோடு வா என்று சொல்லியிருந்ததால், விடிந்ததும் வெறும் வயிற்றோடு, ரொம்ப வெறுப்போடு வந்து படுத்திருந்தார். மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் ஃபைல் எழுதியே ஓய்வு பெற்றவர். பைஜாமா ஜிப்பா, பையில் இரண்டு பேனா. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, அச்சடித்தது போன்ற இங்கிலீஷில் கேட்டார்: "சிஸ்டர், உணவு விஷயத்தில் தற்போதைய நிலை என்ன?"

ஆகா, என்ன இங்கிலீஷ்! பரீட்சைக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது. எந்தச் செலவும் இல்லாமல் ஒரு நோயாளி, இங்கிலீஷோடு, என் வார்டுக் கட்டிலில் வந்து படுத்திருக்கிறார். நான் ரித்திகா மேடம் சொன்னபடி கட்டில் பக்கம் லேசாகக் குனிந்தேன். முகத்தில் புன்னகையை ஏற்றினேன். தேனில் குழைத்துச் சொன்னேன்:

"சார், யூ மைட் லைக் டு கன்சிடர் அவாய்டிங் ஃபுட் அண்ட் டிரிங்க், அன்டில் யுவர் சர்ஜரி."

அவர் அப்படியே அசந்துபோனார். பல வருஷமாக அவரிடம் யாரும் இவ்வளவு அழகாகப் பேசியதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "சாப்பிட்டால்?" என்றார்.

"இட் குட் பி எ லிட்டில் இன்கன்வீனியன்ட்" என்றேன். கொஞ்சம் அசௌகரியமாக இருக்கக்கூடுமாம். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது நெஞ்சுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து என்பதைத்தான் அவ்வளவு நாகரிகமாகச் சொன்னேன்.

"தேங்க் யூ, சிஸ்டர். ஐ ஷல் கன்சிடர்."

'ஷல்'! இங்கிலாந்து கூப்பிடு தூரத்தில் இருப்பது போல எனக்குப் புல்லரித்தது. கட்டில் தலைமாட்டுக் கொக்கியில் 'வாய் வழியாக ஒன்றும் கொடுக்காதீர்' என்ற பலகையை மாட்டிவிட்டு, அடுத்த நோயாளியிடம் போனேன்.

கொஞ்ச நேரத்தில் அங்கிளின் மனைவி வந்தார். கையில் ஒரு துணிப்பை. அந்த அறையில் பை மாட்ட ஒரே ஒரு கொக்கிதான் உண்டு. அதில் ஏற்கெனவே ஏதோ பலகை தொங்குவதை ஆன்ட்டி பொருட்படுத்தவில்லை. பையை அதன்மேல் மாட்டினார். பைக்குள் ஒரு டப்பா. டப்பாவுக்குள் ஆலு பராத்தா, மேலே வீட்டு வெண்ணெய். (பித்தப்பையில் கல் இருப்பவருக்கு வெண்ணெய்! அந்தக் கல் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஸ்கேன் எடுத்திருக்கவே வேண்டாம்.)

மதியம் ஸ்ட்ரெச்சர் வந்தது. ஆபரேஷன் தியேட்டருக்கு அனுப்புமுன் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்விகளைக் கேட்டேன். பல் செட் இருக்கிறதா, மோதிரம் கழற்றியாயிற்றா, அப்புறம், சும்மா ஒரு கடமைக்காக, எதையாவது சாப்பிட்டீர்களா?

"இரண்டு பராத்தா" என்றார் அங்கிள். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். சற்று யோசித்துவிட்டு, "இரண்டரை. அந்த அரை, இவள் கோபித்துக்கொள்வாளே என்று சாப்பிட்டது" என்று திருத்தினார்.

நான் ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவர் மட்டும் அதைச் சொல்லாமல் தியேட்டருக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் நான் இன்றுவரை சிரித்ததில்லை.

சர்ஜன் வந்தார். பின்னாலேயே தங்கம்மா சிஸ்டர். சர்ஜனின் முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. "இவர் சாப்பிடலாம் என்று சொன்னது யார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அங்கிள் விரலை உயர்த்தினார். இனி நடந்ததுதான் என் வாழ்க்கையின் மிக மோசமான ஐந்து நிமிடம். ஏனென்றால் அவர் எனக்காக வாதாட ஆரம்பித்தார்.

"டாக்டர் சாஹிப், சாப்பிடலாம் என்று யாரும் சொல்லவில்லை. சாப்பிடக் கூடாது என்றும் யாரும் சொல்லவில்லை. தவிர்ப்பதைப் பற்றி நான் யோசிக்கலாம் என்று சிஸ்டர் ஆலோசனை வைத்தார். ஐ கன்சிடர்ட்."

"கன்சிடர் பண்ணி?"

"பராத்தா சூடாக இருந்தது. ஆலோசனையை ஏற்க இயலவில்லை."

சர்ஜன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அங்கிள் விடவில்லை. நான் மாட்டிக்கொண்டது புரிந்து, பாவம், இன்னும் பலமாக ஆதரிக்கலானார். "இந்த சிஸ்டர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அமைச்சகத்தில் கீழே இருந்து மேலே ஃபைல் அனுப்பும்போது இப்படித்தான் எழுதுவோம். தாங்கள் விரும்பினால் பரிசீலிக்கலாம். முடிவு மேலதிகாரியுடையது. இவர் எனக்கு முழு அதிகாரம் கொடுத்தார். என் சர்வீஸில் எனக்கு இவ்வளவு சுதந்திரம் கொடுத்தவர்கள் யாருமே கிடையாது."

அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு பாராட்டும் எனக்கு ஒரு பிடி மண். பக்கத்தில் ஆன்ட்டி வேறு, "ஹா ஜி, சிஸ்டர் ஆப்ஷன் கொடுத்தாள், நான்கூடக் கேட்டேன், ஆப்ஷன்தான் என்று இவர் சொன்னார்" என்று சாட்சி சொன்னார். சொல்லிக்கொண்டே கொக்கியிலிருந்து பையை எடுத்தார். பின்னாலிருந்து என் பலகை எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்த சர்ஜன் அன்றைய பட்டியலில் அங்கிளின் பெயரை அடித்துவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தங்கம்மா சிஸ்டர் என்னை மருந்து அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "எந்தா மோளே இது?" என்று ஆரம்பித்து, மலையாளமா தமிழா இந்தியா என்று பிரிக்க முடியாத ஒரு பாஷையில் விளாசினார். சாரம் இதுதான்: நாளை மதியம் மறுபடி ஆபரேஷனுக்கு இடம் வாங்கியிருக்கிறார். விடிகாலையிலிருந்து அந்த மனிதருக்கு நான்தான் காவல். அவர் வாய்க்குள் ஒரு பருக்கை போனாலும் என் சான்றிதழை நான் மறந்துவிடலாம்.

"பின்னே, இங்கிலீஷ் வேண்டா" என்றார் கடைசியாக. "கேட்டோ?"

அறைக்குப் போய் அழுதேன். அமலி பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லுவாள் என்று பார்த்தால், தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள். "ரெண்டரையாட்டி? அந்த அரை எதுக்குட்டி?" என்று கேட்டு மறுபடி சிரித்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏட்டி, நாளைக்கு நீ நம்ம இந்தியப் பேசு. அதுல எவனும் கன்சிடர் பண்ண முடியாது" என்றாள்.

மறுநாள் அங்கிளின் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் ஆன்ட்டியின் பையைச் சோதனை போட்டேன். அதில் ஒன்றுமில்லை. ஆனால் டெல்லியில் ஒரு ஆபரேஷன் தள்ளிப்போனால் சொந்தக்காரர்களுக்குச் செய்தி போய்விடும், அவர்கள் வெறுங்கையோடு வருவதும் இல்லை. மைத்துனர் சமோசாவோடு வந்தார். "கானா நஹீ" என்றேன். பையோடு திரும்பிப் போய் வராந்தாவில் உட்கார்ந்து அவரே சாப்பிட்டார். யாரோ மருமகள் ஃபிளாஸ்க்கில் இஞ்சி டீ கொண்டுவந்தாள். "சாய் நஹீ." அதையும் வராந்தா குடித்தது.

அங்கிளின் மூக்குக்கு எல்லா வாசனையும் வந்துகொண்டிருந்தது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். அப்போது ஒரு சித்தி, கோயிலிலிருந்து நேராக வருகிறேன் என்று, இலைத் தொன்னையில் நெய் சொட்டும் ஹல்வாவோடு நுழைந்தார். பிரசாதம். வேண்டாம் என்று சொன்னால் சாமிக்கே ஆகாது. அறையே என்னைப் பார்த்தது. அங்கிள் மெல்லக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இங்கிலீஷில் வலை வீசினார்.

"சிஸ்டர், ஒரு சிறு விளக்கம் தேவை. பிரசாதமும் இந்த விதியின் கீழ் வருமா? உங்கள் கருத்து என்ன?"

எவ்வளவு மரியாதையான கேள்வி! என் வாய் தானாகவே குவிந்தது. 'யூ மைட்' வரை தொண்டைக்கு வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினேன். ஸ்டூலிலிருந்து எழுந்தேன். இடுப்பில் கை வைத்தேன். நாசரேத்தில் எங்கள் அம்மா பேசினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும், அந்தக் குரலை எடுத்தேன்.

"கானா நஹீ! பானி நஹீ! சாய் நஹீ! பிரசாத் நஹீ! லேட்டோ!"

வராந்தாவில் மைத்துனர் சமோசாவைக் கீழே வைத்துவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். சித்தி ஹல்வாவைத் தன் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரர், அவருக்கு ஆபரேஷனே கிடையாது, வாயருகே கொண்டுபோன பிஸ்கட்டைத் திருப்பி வைத்தார். மாத்தூர் அங்கிள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு நேராகப் படுத்தார்.

"ஜி, சிஸ்டர்" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மயக்கம் தெளிந்து, மறுநாள் கல்லை எல்லாம் ஒரு சின்னப் பாட்டிலில் போட்டுக் காட்டியபோது அங்கிள் அதைக் குலுக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "முந்தாநாள் நீங்கள் சொன்னது ஆலோசனை. நேற்றுச் சொன்னதுதான் ஆர்டர். முதலிலேயே ஆர்டர் போட்டிருந்தால் எனக்கு ஒரு நாள் பட்டினி மிச்சம்." எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் ட்ரிப் ஏறிக்கொண்டிருந்த கை, ஆகையால் பிடிக்கவில்லை.

தங்கம்மா சிஸ்டர் சான்றிதழுக்கு நல்ல வார்த்தை சொன்னார். கண்டிப்பானவள், நோயாளிகள் இவள் சொல்லுக்குக் கட்டுப்படுவார்கள் என்றாராம். ஆக, கஷ்டமென்று நான் பயந்த கட்டம் தாண்டிவிட்டது.

மிச்சம் பரீட்சை. எனக்கு வந்த நோயாளி காது வலிக்காரி. காதில் தண்ணீர் போகக் கூடாது, ஆனால் அவளுக்கு நீச்சல் உயிர். எடுத்துச் சொல்ல வேண்டும். நான் அழகாகத்தான் ஆரம்பித்தேன். நீங்கள் விரும்பினால் சில நாள் நீச்சலைத் தவிர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம் என்றேன். அவள் தன் பங்குக்கு நடித்தாள்: "ஆனால் சிஸ்டர், ஒரே ஒரு முறை போனால் என்ன?" சொல்லிவிட்டுக் கெஞ்சலாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்குக் காது தெரியவில்லை, வெண்ணெய் வழியும் பராத்தாதான் தெரிந்தது.

"ஸ்விம்மிங் நஹீ!" என்றேன்.

அவள் நடிப்பை நிறுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள். ரிசல்ட் வந்தபோது படிப்பது, எழுதுவது, கேட்பது எல்லாவற்றிலும் தேறியிருந்தேன். பேசுவதில் போய்விட்டது. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே துக்கம்தான். இரண்டு வேளை சாப்பிடவில்லை. அமலி தேறிவிட்டாள், அயர்லாந்து போனாள். அங்கிருந்து இன்றும் ஞாயிறுதோறும் கூப்பிடுகிறாள். ஹலோ கிடையாது, ஸ்தோத்திரம் கிடையாது. எடுத்தவுடன், "ஏட்டி, ரெண்டரை!" என்பாள். அவள் பிள்ளைகள் அதை என் பெயர் என்றே நினைத்துக்கொண்டிருக்கின்றன.

மறுபடி பரீட்சை எழுதலாம் என்று இருந்தேன். அதற்குள் நொய்டாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு திருநெல்வேலிக்காரரோடு கல்யாணம் ஆயிற்று. பெண் பார்க்க வந்தபோதே அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "அந்த அரை எதுக்கு?" என்று கேட்டார். இவர் நம் ஆள்தான் என்று முடிவு செய்தேன். இப்போது தங்கம்மா சிஸ்டர் இருந்த நாற்காலியில் நான். புதிதாக வரும் பெண்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது 'கானா நஹீ'. கொக்கியும் இரண்டாக ஆகிவிட்டது, பைக்கு ஒன்று, பலகைக்கு ஒன்று.

வீட்டில்தான் இந்தக் கதை எனக்கு எதிராகத் திரும்பியது. என் மகள் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழில் அவளுக்குச் சரளமாக வருவது சாப்பாட்டின் பெயர்கள் மட்டும். இங்கிலீஷ் எக்கச்சக்கம். போன ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து சாப்பிட உட்கார்ந்தோம். அவள் ஒரு கையில் சாதம், ஒரு கையில் போன். பதின்மூன்று வயதுப் பெண்ணைப் பக்குவமாகக் கையாள வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். ஆகவே குனிந்து, புன்னகையை ஏற்றி, "கண்ணு, யூ மைட் லைக் டு கன்சிடர் கீப்பிங் தட் போன் அவே" என்றேன்.

அவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஐ கன்சிடர்ட், மம்மி. பட் மீன் கொழம்பு இஸ் ஹாட், போன் ஆல்ஸோ ஹாட். ஏற்க இயலவில்லை."

அந்தக் கடைசி இரண்டு வார்த்தையை அவளுக்கு யார் தமிழில் சொல்லிக் கொடுத்தது என்று திரும்பிப் பார்த்தேன். அவள் அப்பா தன் போனில் மும்முரமாக எதையோ தேடிக்கொண்டிருந்தார். நான் கரண்டியைக் கீழே வைத்தேன். இடுப்பில் கை வைத்தேன்.

"போன் நஹீ!"

அவள் போன் சட்டென்று மேஜைக்குப் போனது. எதிரில் அவள் அப்பாவின் போனும், நான் அவரை ஒன்றும் சொல்லாமலே, சத்தமில்லாமல் கவிழ்ந்து படுத்தது.